யாழ்ப்பாணத்தில் உங்களவரின் சுடலையைத் தேடிப் போகுமுன்

பெற்றோரின் செத்தவீட்டுக்கு வர முடியாமற்போனவர்கள் பல ஆண்டுகள் கழித்து ஊருக்கு வரும்போது, முதலில் அவர்களை எரித்த இடத்தைப் பார்க்கவே விரும்புகிறார்கள். ஆனால் கோம்பயன்மணல் போன்ற சைவ மயானங்களில் பெரும்பாலும் பெயர் பொறித்த கல்லைக் காண முடியாது. காடாற்றிச் சாம்பலைக் கடலிற் கரைத்தபின் அங்கே தேடுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. கத்தோலிக்க உறவினருக்காக வருபவர்கள் சேமக்காலையில் கல்லறையைக் காணலாம். இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் 2ஆம் திகதி போவது சிறப்பு.

சைவர்களுக்குரிய இடம் கடலோரத் தீர்த்தமான கீரிமலை. ஆடி அமாவாசையில் தந்தைக்கும் சித்திராப் பௌர்ணமியில் தாய்க்கும் அங்கே பிதிர்க்கடன் செய்வார்கள். அந்நாட்களில் நெரிசல் மிகுதியாதலால், முதியவர்களுடன் வருபவர்கள் இறந்த திதியிற் செல்வதே நல்லது. இரு பஞ்சாங்கங்களும் சிலவேளை வேறுபடுவதால், திதியை வாக்கிய பஞ்சாங்கப்படி பார்ப்பதா திருக்கணிதப்படி பார்ப்பதா என்பதை வீட்டாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

செத்தவீட்டில் உடலைச் சுடலைக்குக் கொண்டுபோகும்போது பெண்கள் படலையோடு (வீட்டு வாசற்கதவோடு) நின்றுவிடுவதே பழைய வழக்கம். இன்று சுடலைவரை போகும் மகள்மாரும், கொள்ளி வைத்த மகள்மாரும் இருக்கிறார்கள். இந்த மாற்றம் வரவேற்கத்தக்கது என்றே நான் கருதுகிறேன். ஆயினும் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டுப் போவது மனவருத்தத்தைத் தவிர்க்கும்.

எரிப்பதே வழக்கமாயிருந்த சைவக் குடும்பங்களின் பிள்ளைகளும் 1991 முதல், விடுதலைப் புலிகளின் போராளிகளுக்கான மயானங்களாகிய மாவீரர் துயிலும் இல்லங்களில் விதைக்கப்பட்டபோது (புதைக்கப்பட்டபோது), கல்லறையில் விளக்கேற்றி அழும் உரிமை எத்தனையோ தாய்மாருக்கு முதன்முறையாகக் கிடைத்தது. கோப்பாயில் அந்தக் கல்லறைகள் போருக்குப்பின் இடிக்கப்பட்டு, 2011இல் அந்நிலத்தில் இராணுவத் தலைமையகம் திறக்கப்பட்டதனால், மாவீரர் நாளான நவம்பர் 27ஆம் திகதி மக்கள் அருகிலுள்ள நிலத்திலேயே சுடர் ஏற்றுகிறார்கள்.

கண்டி வீதியால் நகருக்குள் நுழையும்போது, மனிதப் புதைகுழிகளால் அறியப்பட்ட செம்மணியைக் கடப்பீர்கள். 1999இல் அப்பகுதியில் 15 உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. 2025 பெப்ரவரியில், அருகிலுள்ள சித்துப்பாத்தி மயானத்தில் தகனக் கட்டடம் அமைக்க நிலத்தை வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன; நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில், ஒரு நீலப் புத்தகப்பையுடன் கிடந்த சிறு பிள்ளையின் எலும்புக்கூடு உட்பட, 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. அங்கே காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் நின்றால், அவர்கள் சம்மதமின்றிப் படம் எடுக்காதீர்கள். அவர்களாகப் பேச வந்தால், அவசரப்படாமல் நின்று கேளுங்கள்.