ஜாவாஸ்கிரிப்ட் இணையத்தளத்தைக் கூகுளின் கண்ணில் படச் செய்தல்

வெள்ளவத்தையிலுள்ள ஒரு புடவைக் கடையின் இணையத்தளம் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைக் கொண்டு கட்டப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் உலாவியில் அப்பக்கத்தின் மூலநிரலைத் திறந்து, சேலையின் பெயரையும் விலையையும் தேடிப் பாருங்கள். வெற்று டிவ் (உள்ளடக்கத்தை இடும் பெட்டி போன்ற ஹெச்டிஎம்எல் கூறு) ஒன்றும் ஸ்கிரிப்ட் இணைப்புகளும் மட்டுமே தென்பட்டால், உள்ளடக்கம் முழுவதும் ஜாவாஸ்கிரிப்ட் இயங்கிய பின்னரே உருவாகிறது என்று பொருள். பக்கங்களைப் படித்துச் செல்லும் கூகுளின் நிரலான கூகுள்பொட், 2019 முதல் குரோம் உலாவியின் அடிப்படையான குரோமியத்தின் புதிய பதிப்பைக் கொண்டு அதனை இயக்கிப் பார்க்கிறது என்றாலும், அந்த வேலை தனி வரிசையில் காத்திருந்தே நடக்கும். ஜாவாஸ்கிரிப்டை இயக்கவே இயக்காத பொட்களும் உண்டு. ஆகவே தலைப்பு, விவரம், விலை ஆகியவற்றைச் சேவையகத்திலேயே உருவாக்கி அனுப்புவதே, என் பார்வையில், தலைவலி குறைந்த வழி. ரியாக்டை அடிப்படையாகக் கொண்ட நெக்ஸ்ட் ஜேஎஸ் கட்டமைப்பு இதற்கு உதவும்.

அடுத்தது இணைப்புகள். பட்டனில் ஆன்கிளிக் (சொடுக்கினால் இயங்கும் நிரல்) வைத்துப் பக்கத்தை மாற்றினால் கூகுள் அதனைப் பின்தொடராது. செல்லவேண்டிய முகவரியைக் குறிக்கும் ஹெச்ரெஃப் உள்ள உண்மையான இணைப்பு வேண்டும். முகவரியில் ஹாஷ் (#) குறிக்குப் பின் வருவதும் தனிப் பக்கமாகக் கருதப்படாது. நிரந்தரமாக நீக்கப்பட்ட சேலையின் பக்கம், "கிடைக்கவில்லை" என்று திரையில் காட்டிக்கொண்டே எல்லாம் சரி என்று பொருள்படும் 200 குறியீட்டை அனுப்புவது பலரும் கவனிக்காத பிழை. அங்கே பக்கம் இல்லை என்று பொருள்படும் 404 அனுப்பப்பட வேண்டும். பொட்கள் எவற்றைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் ஸ்கிரிப்ட் கோப்புகளைத் தடுக்காதீர்கள். மாற்றங்களைச் செய்த பின், தள உரிமையாளர்களுக்கான கூகுளின் கருவியான சேர்ச் கன்சோலின் முகவரிப் பரிசோதனையில், கூகுள் உருவாக்கிய ஹெச்டிஎம்எல்லில் அந்த விலை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.