முடி மாத்திரை வாங்கும் முன் டப்பாவைத் திருப்புங்கள்

முடி, தோல், நகத்துக்கென்று விற்கும் மாத்திரையை வாங்கும் முன் டப்பாவின் பின்பக்கம் பயோட்டின் (பி வைட்டமின்களில் ஒன்று) அளவைப் பாருங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 30 மைக்ரோகிராம் போதும். பல டப்பாக்களில் 5,000, 10,000 என்று இருக்கும் (10 மில்லிகிராம் என்று போட்டிருந்தாலும் அதே 10,000தான்). மிஞ்சியது பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். குறைபாடு இல்லாதவருக்கு இதனால் முடி வளரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. அவித்த முட்டையிலும் நம் வேலூர்ப் பக்கத்து வேர்க்கடலையிலும் பயோட்டின் இருக்கிறது.

பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. இவ்வளவு பயோட்டின், சில ஆய்வக முறைகளில் தைராய்டு, மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் போன்ற ரத்தப் பரிசோதனைகளின் முடிவை மாற்றிக் காட்டிவிடும். எங்கிருந்தோ ரயிலேறி வேலூருக்கு வைத்தியத்துக்கு வருபவர்கள், ரத்தம் கொடுக்கும் முன் இந்த மாத்திரையைப் பற்றிக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவரே சொல்வார்.

பயோட்டின் குறைபாடு என்று கண்டறிந்து மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று முடி கொத்தாகக் கொட்டினாலும் டப்பாவை ஆராய்ந்து கொண்டிருக்க வேண்டாம், இரும்புச்சத்தையும் தைராய்டையும் முதலில் பாருங்கள்.