தொடை எலும்பு முறிவு: முதியோரைக் கவனிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் எலும்பு முறிவுப் பிரிவில் பிசியோதெரபிஸ்ட். தாத்தா, பாட்டியை முதன்முதலாகக் கவனிக்க வருபவர்கள், ஒரு காலத்தில் நான் செய்த தவறுகளையே செய்வதைப் பார்த்தால் மனசு பதறுகிறது. ஈரத் தரை, வழுக்கும் செருப்பு பற்றி எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

"இந்த வயசில் ஆபரேஷனா?"

என் பாட்டி விழுந்தபோது நான் இந்தப் படிப்பில் சேரவில்லை. வலது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. தொடை எலும்பின் கழுத்தில், அதாவது இடுப்பு மூட்டை ஒட்டிய குறுகிய பகுதியில், முறிவு. "82 வயசு, தாங்க மாட்டாங்க, படுத்தே ஆறட்டும்" என்று முதலில் சொன்னவள் நான்தான். ஒன்பதாம் நாள் குதிகால் சிவந்து புண்ணானது. பிறகு சளி கட்டியது. இருமித் துப்பத் தெம்பில்லை. நிமோனியாவில் போய்விட்டார்.

அசையாமல் படுத்தால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது, சளி தேங்கும். காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரல் குழாயை அடைக்கலாம். தசை கரையும். இடுப்பருகே தொடை எலும்பு முறிந்த முதியோரில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார். எலும்பின் கழுத்து விலகி முறிந்தால் மேல்முனைக்குப் போகும் ரத்த ஓட்டமும் தடைபடும். படுத்திருந்து அந்த எலும்பு ஒன்றுசேர்வது அரிது. அதனால்தான் 36 முதல் 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யப் பார்க்கிறார்கள். இதயத்தையோ ரத்த அழுத்தத்தையோ சீராக்க டாக்டர் அவகாசம் கேட்டால் சரி. "பெரியண்ணன் வந்து முடிவு சொல்லட்டும்" என்று மூன்று நாள் கடத்துவதை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"வலி போகட்டும், அப்புறம் நடக்கலாம்"

ஆபரேஷன் முடிந்த மறுநாளே எழுப்ப வேண்டும். வலி மாத்திரையை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, வாக்கரைப் பிடித்து நிற்க வையுங்கள். முதல் நாள் நாலு அடி போதும்.

எண்ணெய் தேய்த்து நீவுதல்

கூடவே கூடாது.

"நடந்தாரே, முறிவு இருக்காது"

முறிந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டால் சிலர் நொண்டியபடி நடப்பார்கள். வலி தொடை இடுக்கிலோ முழங்காலிலோ தெரியும். எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். வலி நீடித்தால் எம்ஆர்ஐ கேளுங்கள்.

திடீர் உளறலை வயசுக் கோளாறு என்பது

சிறுநீர்த் தொற்றோ, நீர்ச்சத்துக் குறைவோ, மருந்தோ காரணமாக இருக்கலாம். உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். மூக்குக் கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டிவிடுங்கள். பாதி மிரட்சி அதிலேயே குறையும்.

தையல் பிரித்ததோடு விட்டுவிடுதல்

நின்ற நிலையில் விழுந்ததற்கே தொடை எலும்பு முறிந்ததென்றால், பெரும்பாலும் எலும்பு மெலிந்திருக்கும். அடுத்த பக்கமும் முறியலாம். எலும்பு மெலிவுக்கான மருந்தை டிஸ்சார்ஜுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.