ஃப்ளோரிடா மேற்குக் கரையில் இலையுதிர்கால வஞ்சிரம்: படகு பேசுவது முதல் ஐஸ் பெட்டி வரை

அக்டோபர், நவம்பர் மாதங்களில் தாம்பா விரிகுடாவின் வாயிலும், கிளியர்வாட்டர், சரசோட்டா கரைகளிலும் வாடகைப் படகுகளுக்குக் கிராக்கி ஏறுவது கிங் மேக்கரல் மீனால்தான். நம் வஞ்சிரத்தின் பேரினமே இதுவும். அதே நீண்ட உடம்பு, அதே கத்திப் பல், அதே வேகம். கோடையில் வடக்கே மேய்ந்த கூட்டம், தண்ணீர் குளிரத் தொடங்கியதும் கரையோரமாகவே தெற்கே இறங்கும்.

நாள் குறிக்கக் காலண்டரை நம்ப வேண்டாம், தண்ணீரின் வெப்பத்தைப் பாருங்கள். 68 முதல் 76 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 20 முதல் 24 செல்சியஸ் வரை இருந்தால் நல்ல வேட்டை. அதற்குக் கீழே போனால் கூட்டம் தெற்கே கீஸ் தீவுகளை நோக்கி நகர்ந்துவிடும். அமெரிக்க வானிலைத் துறையின் மிதவைகள் காட்டும் அளவை யாரும் இணையத்தில் பார்க்கலாம்.

அடுத்தது காற்று. குளிர்முகம், அதாவது வடக்கேயிருந்து இறங்கும் குளிர்காற்றின் முன்விளிம்பு, ஒன்று கடந்ததும் வடமேற்கிலிருந்து வீசும் காற்று கடலைக் கொந்தளிக்க வைத்து, கரையோரத் தண்ணீரைக் கலக்கிவிடும். கலங்கிய தண்ணீரில் இந்த மீன் நிற்காது. இரையைக் கண்ணால் பார்த்துத் துரத்துகிற ஜாதி. இரண்டு மூன்று நாளில் காற்று கிழக்குக்குத் திரும்பும். கிழக்குக் காற்று நிலத்திலிருந்து வருவதால் மேற்குக் கரையோரம் அலை அடங்கி, தண்ணீர் தெளியும். அந்த நாட்களைப் பிடியுங்கள். புயல் காலம் நவம்பர் 30 வரை நீள்வதால், வானிலை கெட்டால் முன்பணம் திரும்புமா, வேறு நாள் தருவார்களா என்று பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

நான்கு மணி நேரப் பயணம் மலிவாகத் தெரியும். ஆனால் இரை பிடிக்கவும் இடத்துக்குப் போய்த் திரும்பவும் அதில் பாதி கரைந்துவிடும். ஆறு மணி நேரம் எடுத்தால்தான் கொடுத்த காசுக்கு மீன்பிடிப்பு மிஞ்சும். சாதாரண கடலோரக் காவல்படை உரிமம் உள்ள கேப்டன் பணம் கொடுத்து வருபவர்களில் ஆறு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது. படகுக்கு உரிமம் இருந்தால் பயணிகளுக்குத் தனி மீன்பிடி உரிமம் தேவையில்லை. உதவியாளருக்கு 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வழக்கம். வாழைப்பழம் மட்டும் எடுத்துப் போகாதீர்கள். அது படகுக்கு ஆகாது என்று நம்புகிற கேப்டன்கள் ஏராளம். சிலர் உங்கள் பையைத் திறந்தே பார்ப்பார்கள்.

இனி தூண்டில். வேட்டையின் முக்கால் பங்கு கம்பியிலும் முள்ளிலும்தான் இருக்கிறது. ஏழு அடிக் கழி, 20 பவுண்டு நரம்பு, குறைந்தது 300 கெஜம் கொள்ளும் ரீல். நுனியில் ஒன்றரை முதல் இரண்டு அடி நீளத்துக்கு, 40 முதல் 60 பவுண்டு தாங்கும் ஒற்றை இழைக் கம்பி. வெறும் நைலான் என்றால் பல் பட்ட நொடியில் அறுந்துவிடும். கம்பியில் ஒரு மடிப்பு விழுந்தாலும் அந்த இடத்தில்தான் ஒடியும். மடிந்த கம்பியை நேராக்கிப் பார்க்காமல் வெட்டி எறியுங்கள். நரம்பையும் கம்பியையும் இணைக்கும் ஸ்விவல் கறுப்பாக, சிறிதாக இருக்கட்டும். பளபளப்பானதை இரை என்று நினைத்துக் கூடவே திரியும் சிறிய ஸ்பானிஷ் மேக்கரல் கடிக்கும், நரம்பு போய்விடும்.

இரைக்கு உயிருள்ள சாளை வகை மீன் அல்லது சிறு பாரை. கரையருகே மிதவைக் குறிகளைச் சுற்றி வீச்சு வலையாலோ, ஆறு சின்ன முள் கோத்த சபிக்கி கயிற்றாலோ பிடிப்பார்கள். முதல் முள் இரையின் மூக்கில். அதிலிருந்து சிறு கம்பியில் தொங்கும் மும்முனை முள் முதுகுப் பக்கம். இந்த மீன் பாய்ந்து வரும்போது வாலைத்தான் முதலில் வெட்டும். பின்முள் இல்லாவிட்டால் பாதி இரைதான் திரும்பி வரும்.

கடலடிப் பாறைத் தரை, செயற்கைத் திட்டுகள், கப்பல் கால்வாயின் ஓரம், தாம்பா விரிகுடா வாயிலிலுள்ள எக்மான்ட் தீவைச் சுற்றிய பகுதி ஆகியவை தேட வேண்டிய இடங்கள். மணிக்கு ஒன்று அல்லது இரண்டு கடல் மைல் வேகத்தில் படகை ஊரவிட வேண்டும். வேகம் கூடினால் இரை சுழன்று செத்துவிடும். ஒரு இரை 30 அடி பின்னால், இன்னொன்று 60 அடி பின்னால், மூன்றாவதை ஈயக்குண்டு கட்டி ஆழத்தில் விடுங்கள்.

ரீல் கத்தியதும் பலரும் செய்வது கழியைச் சுண்டுவது. செய்யாதீர்கள். மும்முனை முள் சிறியது, தாடைச் சதை மெல்லியது. சுண்டினால் கிழிந்து நழுவும். நரம்பு ஓடுவதைத் தடுத்துப் பிடிக்கும் ரீலின் டிராக்கை இரண்டு கிலோ இழுவைக்கு மேல் இறுக்க வேண்டாம். முதல் ஓட்டம் நூறு மீட்டருக்கு மேலும் போகலாம், ஓடட்டும். கழி நுனியை உயர்த்தி நரம்பு தொய்யாமல் மட்டும் பாருங்கள், மற்றவர்கள் தங்கள் தூண்டிலைச் சுருட்டட்டும். படகைக் கண்டதும் மீன் மறுபடி ஓடும், பெரும்பாலும் மீன் போவது அப்போதுதான். சுறா வந்து இரண்டு மீனை அறுத்துவிட்டால் மல்லுக்கு நிற்காமல் இடத்தை மாற்றச் சொல்லுங்கள்.

கொக்கிக் கழியைத் தலைக்குப் பின்னால் போட்டு, நேராக ஐஸ் பெட்டிக்குள் தலைகீழாக இறக்குவார்கள். தளத்தில் துள்ளினால் மும்முனை முள் உங்கள் காலில் ஏறும். அந்த நேரம் தள்ளி நில்லுங்கள்.

மூக்கு நுனியிலிருந்து வால் கவட்டை வரை 24 அங்குலம் இல்லாத கிங் மேக்கரலை விட்டுவிட வேண்டும். வளைகுடாப் பக்கம் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று. விதிகள் மாறுவதால் கிளம்பும் முன் மாநில மீன்வளத் துறையின் தளத்தைப் பாருங்கள். தலை, துடுப்பு, வாலோடு முழு மீனாகத்தான் கரை சேர்க்க வேண்டும். துண்டு போடுவதெல்லாம் கரையில்.

பிடித்த உடனே செவுளை அறுத்து ரத்தம் வடித்து, ஐஸும் கடல்நீரும் கலந்த குழம்பில் முக்குங்கள். வெயிலில் கிடந்தால் இந்த மீனில் ஹிஸ்டமின் உருவாகும். எவ்வளவு பொரித்தாலும் அது அழியாது, சாப்பிட்டவர்களுக்கு முகம் சிவந்து தலை வலிக்கும். இன்னொன்று, இதில் பாதரசம் அதிகம். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் குழந்தைகளும் தவிர்க்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்துத் துறையின் அறிவுரை. வீட்டில் அப்படி யாராவது இருந்தால் அவர்களுக்குக் கிங் மேக்கரல் துண்டு வேண்டாம்.