பிரசவத்துக்குப் பிறகு காப்பீட்டு அட்டை: வடசென்னைக் குடும்பங்களுக்கு

பிள்ளை பெற்ற வீட்டில் காப்பீட்டு அட்டையைத் தேடுவது பெரும்பாலும் ராத்திரி நேரத்தில், தையல் போட்ட இடத்தில் சீழ் கோத்துக் காய்ச்சல் ஏறிய பிறகுதான். அட்டையை எடுத்தால் அதில் பிள்ளை பெற்றவள் பெயர் இருக்காது. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் பெயர் அப்பா வீட்டு ரேஷன் கார்டிலேயே கிடக்கும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ரேஷன் கார்டை வைத்துத்தான் குடும்பத்தைக் கணக்கிடுகிறது. கல்யாணமான மகளுக்கு அப்பாவின் அட்டை உதவாது. அதனால் முதலில் கார்டைச் சரிசெய்யுங்கள். பொது விநியோகத் துறை இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ, முதலில் தாய்வீட்டுக் கார்டில் பெயர் நீக்கம், அது முடிந்த பிறகு புருஷன் வீட்டுக் கார்டில் உறுப்பினர் சேர்க்கை. மாற்றிச் செய்தால், ஆதார் வேறு கார்டில் இருக்கிறது என்று விண்ணப்பம் திரும்பிவிடும். ஏழாம் மாசத்திலேயே இதை முடித்துவிடுவது நல்லது; பச்சை உடம்போடு அலைய முடியாது.

அடுத்து வருமானச் சான்று. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இ-சேவையில் 60 ரூபாய் கட்டணம். சான்று, ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதார் ஆகியவற்றோடு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போங்கள். கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். திருவொற்றியூர், மாதவரம் 2018 முதல் சென்னை மாவட்டம் என்பதால் அங்குள்ளவர்களும் இங்கேயே வரலாம். அட்டைக்குக் காசு கிடையாது. வாசலில் யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. சந்தேகத்துக்கு 1800 425 3993.

சாதாரணப் பிரசவத்துக்கு இந்த அட்டையை நம்பித் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள். சிக்கல் வந்து திட்டப் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், அங்கிருக்கும் காப்பீட்டுத் திட்ட ஊழியரைப் பார்த்து முன் அனுமதி வாங்குங்கள். நாமே பில் கட்டிவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது.

ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் மாதிரி அரசு ஆஸ்பத்திரியில் பிரசவமானால் இந்த அட்டையே தேவைப்படாது. சிசேரியன், மருந்து, ரத்தம், பரிசோதனை எல்லாம் இலவசம். சாப்பாடும் சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள் வரை உண்டு. வீடு திரும்ப 102 தாய் சேய் ஊர்தி. குழந்தைக்கு ஒரு வயசு வரை உடம்பு சரியில்லை என்றாலும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான்.

டிஸ்சார்ஜ் ஆவதற்குள் ஒரு காகிதத்தை மட்டும் உட்கார்ந்து படியுங்கள்: பிறப்புப் பதிவுக்கு எழுதிய விவரம். தாயின் பெயர் ஆதாரில் ‘கவிதா ச’, ரேஷன் கார்டில் ‘ச. கவிதா’, இங்கே ‘கவிதா மணி’ என்று மூன்று விதமாக இருந்தால், குழந்தையைக் கார்டில் சேர்க்கும்போது மூன்று இடமும் இடிக்கும். ஆதாரில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். பதிவு 21 நாளுக்குள் நடந்துவிட வேண்டும். குழந்தையின் பெயரை ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அவசரமில்லை.

தமிழக அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி தனி. 14,000 ரூபாய் ரொக்கமும் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமும். பிரசவத்துக்குப் பிந்தைய தவணைகள் குழந்தையின் தடுப்பூசியோடு சேர்ந்தவை, ஊசி தள்ளிப்போனால் பணமும் தள்ளிப்போகும். தாய்வீட்டுக்குப் போனால் அங்கே புதிதாகப் பிக்மி பதிவு (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு) போடாதீர்கள். பழைய நம்பரையே அந்த ஊர் கிராமச் செவிலியரிடம் காட்டுங்கள். இரண்டு நம்பர் இருந்தால் தவணை நின்றுவிடும். வங்கிக் கணக்கு தாயின் பெயரில், ஆதார் இணைத்து, நடப்பில் இருக்க வேண்டும்.

மணலி, அம்பத்தூர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கு ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) வழியும் உண்டு. முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரச் சம்பளம்; முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாசம்) 70 நாளாவது பங்குத்தொகை கட்டியிருக்க வேண்டும். புருஷனுக்கு மட்டும் ஈஎஸ்ஐ இருந்தால் அயனாவரம் ஆஸ்பத்திரியில் வைத்தியம் கிடைக்கும், இந்தப் பணம் கிடைக்காது. அதற்கும் அவர் அட்டையில் மனைவி பெயர் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.