வீடியோ கேம் கேரியர் மோடில் காயத்தை எவ்வளவு வைக்கலாம்? புதியவர்களுக்கு ஒரு செய்முறை

எங்கள் சேலம் பக்கத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் 2020 கடைசியில் ஆஸ்திரேலியா போனபோது முதலில் வலைப்பயிற்சியில் மட்டும் பந்து வீசும் நெட் பவுலர்தான். வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம், அதனால் டி20 அணியில் இடம் கிடைத்தது. பிரிஸ்பேன் டெஸ்ட் வருவதற்குள் ஷமி, உமேஷ், பும்ரா, ஜடேஜா, அஸ்வின் எல்லோரும் அடிபட்டு வெளியே. 2021 ஜனவரியில் டெஸ்ட் தொப்பியும் வந்துவிட்டது. ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகம்.

"கேமில் எதுக்குப்பா காயம்? வெறும் எரிச்சல்" என்று கேட்பவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். யாருக்கும் அடிபடாத கேமில் பெஞ்சில் இருக்கிற பையனுக்குக் கடைசி வரை வேலையே வராது. ஆனால் அளவு தெரியாமல் வைத்தால் எரிச்சல்தான், அதையும் ஒப்புக்கொள்கிறேன். சரி, அளவு பார்ப்போம். நான் ஆடுவது ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்ற கால்பந்து கேம். அதில் ஓர் அணியைச் சீசன் சீசனாக நடத்துவதுதான் கேரியர் மோட். என்பிஏ 2கே (கூடைப்பந்து), மேடன் (அமெரிக்கக் கால்பந்து) ஆடுபவர்களுக்கும் இதே யோசனை பொருந்தும்.

1. முதல் பத்து ஆட்டத்துக்குக் காயமே வேண்டாம்

பாஸ் கொடுக்கவே தடுமாறும்போது கோல் அடிக்க வேண்டிய ஸ்ட்ரைக்கரும் நொண்டினால் கேம் மேலேயே வெறுப்பு வரும். செட்டிங்ஸில் கேம்ப்ளே கஸ்டமைசேஷன் போனால் யூசர் (நாம்), சிபியூ (கம்ப்யூட்டர் ஆடும் எதிரணி) என்று இரண்டு பக்கம் இருக்கும். இரண்டிலும் இஞ்சுரி ஃப்ரீக்வென்சியை 0 ஆக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் குறைத்தால் அது கள்ளாட்டம்.

2. இரண்டு ஸ்லைடரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்

காயத்துக்கு இரண்டு ஸ்லைடர், அதாவது எண்ணைக் கூட்டிக் குறைக்கும் பட்டை. ஃப்ரீக்வென்சி என்பது எத்தனை முறை அடிபடும் என்பது. சிவியரிட்டி என்பது அடிபட்டால் எத்தனை நாள் படுக்கை என்பது. இரண்டும் 0 முதல் 100 வரை போகும், முதலில் 50-இல் நிற்கும். அந்த 50-ஐ ஐம்பது சதவீத வாய்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சின்ன எண் எவ்வளவு தூரம் போகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆட்டத்தில் ஒரு வீரருக்கு அடிபட 1 சதவீத வாய்ப்பு என்று வைப்போம். ஒன்றுமே இல்லை போலத் தெரியும். பதினொரு பேரில் யாராவது ஒருவருக்காவது அடிபடும் வாய்ப்பு அந்த ஆட்டத்திலேயே சுமார் 10.5 சதவீதம். 38 ஆட்டம் கொண்ட சீசன் முழுக்க ஆடும் ஒருவர் எப்போதாவது அடிபட 32 சதவீதத்துக்குப் பக்கம். அணிக்குச் சராசரியாக நான்கு காயம். அதனால் ஸ்லைடரை ஐந்து ஐந்தாக நகர்த்துங்கள், ஒரேயடியாக 90-க்குத் தள்ள வேண்டாம்.

நான் வைத்திருப்பது ஃப்ரீக்வென்சி 60, சிவியரிட்டி 35. அடிக்கடி சின்னக் காயம் வந்தால் அணியை மாற்றி மாற்றி யோசிக்க வேண்டியிருக்கும். எப்போதாவது ஒரு முறை ஆறு மாதக் காயம் வந்தால் கேமை மூடிவிட்டுத் தூங்கப் போகத்தான் தோன்றும்.

3. களைப்பைக் கவனியுங்கள்

அதே ஆஸ்திரேலியத் தொடரில் ஷமிக்கு அடிலெய்டில் பேட்டிங் செய்யும்போது பந்து கையில் பட்டு எலும்பு முறிந்தது. அது தலைவிதி, யாராலும் தடுக்க முடியாது. பும்ராவுக்கு வயிற்றுத் தசைப் பிடிப்பு. வேகப்பந்து வீச்சாளர் உடம்பு ஓவர் மேல் ஓவராகச் சுமை தாங்குவதில் இந்த மாதிரிக் காயம் வரும். முதல் வகையை கேம் தாயம் உருட்டுகிற மாதிரி எங்கிருந்தோ இறக்கட்டும், தப்பில்லை. இரண்டாவது வகைக்கு நாமும் பொறுப்பு. மூன்று நாளில் அடுத்த ஆட்டம் என்றால் எனர்ஜி பட்டை இறங்கியவரை உட்கார வையுங்கள். 60-ஆவது நிமிடம் இரண்டு கோல் முன்னிலை என்றால் நட்சத்திர வீரரை வெளியே எடுங்கள்.

4. வீட்டுக்கு ஆள் வந்தால் அணைத்துவிடுங்கள்

ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஞாயிற்றுக்கிழமை அஸ்தம்பட்டிக்கு வருவான் என் அத்தை பையன். பன்னிரண்டாவது நிமிடம் அவன் ஸ்ட்ரைக்கர் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். "மாமா, இதெல்லாம் ஒரு ஆட்டமா?" என்று கன்ட்ரோலரை மெத்தையில் வீசியவன், மாம்பழம் நறுக்கிக் கொடுத்தும் சமாதானம் ஆகவில்லை. அவன் கேட்டது நியாயம்தான். ஒரே ஒரு ஆட்டத்தில் காயத்துக்கு ஈடுகட்ட நேரம் ஏது? சீசன் இருந்தால்தான் பெஞ்சுக்கு அர்த்தம்.

5. பழைய சேவ் ஃபைலைத் திரும்ப ஏற்றாதீர்கள்

அடிபட்டதும் கேமை மூடி, முன்பு சேவ் செய்த இடத்திலிருந்து ஆரம்பிக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. அப்படிச் செய்வதானால் முதல் படியிலேயே நின்றுவிடலாம். போன சீசனில் என் சென்டர் பேக் (நடுத் தடுப்பு வீரர்) எட்டு வாரம் வெளியே போனபோது கையைக் கட்டிக்கொண்டு பதினேழு வயது அகாடமிப் பையனை இறக்கினேன். முதல் ஆட்டத்திலேயே பெனால்டி கொடுத்தான். அடுத்த ஆட்டத்தில் மஞ்சள் அட்டை. எட்டு வாரம் கழித்துப் பழையவர் குணமாகி வந்தபோது அவரைப் பெஞ்சில்தான் உட்கார வைத்தேன்.