பரிசா, நஞ்சா, திருமணமா? 'கிஃப்ட்' என்ற சொல்லின் வேரைப் பிடிக்கும் வழி

ஆங்கிலத்தில் 'கிஃப்ட்' பரிசு, ஜெர்மனில் நஞ்சு. ஸ்வீடிஷில் எழுத்து அதேதான், ஆனால் 'யிஃப்ட்' என்று சொல்வார்கள். நஞ்சு, மணமானவர் என இரு பொருள். மூன்றும் ஒரே சொல்லா?

பொருளை ஒதுக்கிவிட்டு வினைச்சொல்லைத் தேடுங்கள். ஆங்கில 'கிவ்', ஜெர்மன் 'கேபன்' இரண்டும் 'கொடு'. பின்னால் 'ட்' விகுதி சேரும்போது வ், ப் ஒலிகள் 'ஃப்' ஆகின்றன. ஓர் இணையை மட்டும் நம்ப வேண்டாம். டிரைவ்–டிரிஃப்ட், த்ரைவ்–த்ரிஃப்ட் என மூன்றாவது கிடைத்த பிறகே அது விதி.

அடுத்து அகராதியில் பழைய வடிவம், பழைய பொருள், உச்சரிப்பு, இலக்கணப் பால் நான்கையும் குறியுங்கள். பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் உச்சரிப்பு 'யிஃப்ட்'; பொருள் மணப்பெண்ணுக்குக் கொடுக்கும் விலை. இன்றைய 'கி' ஒலி வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் தாக்கம். இதைத் தவறவிட்டால் ஒலிக் கணக்கு உதைக்கும். பாலும் துப்புக் கொடுக்கும். ஜெர்மனில் பெயருக்கு முன்வரும் 'டாஸ்', 'டீ' போன்ற சொற்கள் பாலைக் காட்டும்: நஞ்சு 'டாஸ் கிஃப்ட்', நடுப்பால், வரதட்சணை 'டீ மிட்கிஃப்ட்', பெண்பால். சொல்லின் பழைய பாலும் பொருளும் இந்தக் கூட்டுச்சொல்லில் தங்கிவிட்டன.

இனிப் பொருள். ஸ்வீடிஷின் 'மணமானவர்' நமக்குப் புதிதல்ல. நாமும் 'பெண் கொடுத்த வீடு' என்கிறோமே. நஞ்சுக்குத்தான் உழைக்க வேண்டும். 'டோஸ்' என்ற சொல்லின் மூலமான கிரேக்க 'டோசிஸ்' என்பதன் நேர்ப்பொருள் 'கொடுத்தல்'. பிறகு கொடுக்கும் மருந்தளவு. லத்தீன் மருத்துவ நூல்கள் வழியே வந்த இந்தப் பொருளை ஜெர்மன் தன் 'கிஃப்ட்' மீது ஏற்றிக்கொண்டது. மருந்திலிருந்து நஞ்சுக்கு ஓர் எட்டுதான். பூச்சியைக் கொல்வதை நாமும் 'பூச்சிமருந்து' என்றுதானே சொல்கிறோம்? டச்சில் மட்டும் வடிவமே பிரிந்துவிட்டது: 'ஹிஃப்ட்' பரிசு, 'ஹிஃப்' நஞ்சு.

பலரும் சறுக்குவது ஒப்புமையில். ஜெர்மன் 'ஹாபன்', லத்தீன் 'ஹாபேரே' இரண்டுக்கும் பொருள் 'வைத்திரு'; ஒலியும் ஒன்றுபோல. ஆனால் உறவில்லை. 1822-இல் ஜெர்மன் மொழியியலாளர் யாக்கோப் கிரிம் வகுத்த விதிப்படி லத்தீன் 'க்' இருக்குமிடத்தில் ஜெர்மனில் 'ஹ்' வரும்: கெண்டும்–ஹுண்டர்ட் (நூறு), கோர்னு–ஹோர்ன் (கொம்பு). ஆகவே 'ஹாபன்' சொல்லின் உடன்பிறப்பு, 'பிடி' என்று பொருள்படும் லத்தீன் 'காபெரே'. இரு மொழிச் சொற்கள் அச்சாக ஒத்திருந்தால், அவை கடனாக வந்தவையா, தற்செயலா என்று முதலில் சோதியுங்கள்.